டயாலிசிஸ் நாளில் வரும் பொங்கல்: அம்மாவை எப்படிப் பண்டிகைக்குள் கூட்டி வருவது?

கேட்டவர் தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு மகள். அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து எட்டு மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. இந்தத் தடவை பொங்கல் வியாழக்கிழமை. "எனக்காக யாரும் பொங்கல் வைக்க வேண்டாம், நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்கிறாராம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "உயிரோட இருக்கியே, அதுக்கு சாமிக்கு நன்றி சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்டு அம்மா இன்னும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். இந்தப் பொங்கலை எப்படி நடத்துவது, இருப்பதை நினைத்து அம்மாவுக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் வர என்ன செய்வது என்பது கேள்வி.

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பல வருடமாகப் பொங்கல் காலை எனக்கு அந்த வார்டில்தான் விடிகிறது. அதனால் உங்கள் வீட்டில் நடப்பது எனக்குப் புதிதில்லை.

முதலில் அந்தச் சொந்தக்காரர்கள் பேச்சை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் படுத்திருக்கிறவரிடம் போய் "நன்றி சொல்லு" என்றால், அவர் காதில் விழுவது "புலம்பாதே" என்பதுதான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இரண்டு தடித்த ஊசிகளோடு அசையாமல் கிடக்கிற ஒருவருக்குப் புலம்புகிற உரிமையாவது வேண்டாமா? நான் பார்த்தவரை, நோயாளிகளுக்கு நன்றி என்ற உணர்வு வாங்குவதில் வருவதைவிடக் கொடுப்பதில்தான் அதிகம் வருகிறது. உங்கள் அம்மா எட்டு மாதமாக வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறார். மருந்தை நீங்கள் கொடுக்கிறீர்கள், ஆட்டோவுக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள், தண்ணீரைக்கூட நீங்கள்தான் அளந்து கொடுக்கிறீர்கள். வீட்டையே கட்டி ஆண்ட ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். "நான் இருந்தாலும் ஒண்ணுதான்" என்பதற்கு, இந்த வீட்டில் எனக்கு இனி வேலை இல்லை என்று அர்த்தம். ஆகவே இந்தப் பொங்கலுக்கு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். உபசாரத்துக்கு ஒரு வேலை வேண்டாம், அவர் செய்தால்தான் நடக்கும் என்கிற வேலையாக இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் நாள், நேரம், சாப்பாடு ஆகிய மூன்றையும் சரி பண்ண வேண்டும். பயத்தோடு இருக்கிற வீட்டில் பண்டிகை வராது.

நேரத்தைப் பற்றி. எந்தக் காரணத்துக்காகவும் வியாழக்கிழமை டயாலிசிஸை விட்டுவிடாதீர்கள். விட்டால் செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில் நாலு நாள் ஆகிவிடும். இடைவெளி நீளும்போதுதான் நுரையீரலில் நீர் கோப்பதும், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுவதும் நடக்கும். பண்டிகை முடிந்த மறுநாள் அவசரமாகத் தூக்கி வரப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சிட்டிங்கை விட்டவர்கள்தான். உங்கள் யூனிட்டில் பொங்கலன்று எத்தனை ஷிஃப்ட் என்று இப்போதே கேளுங்கள். சில இடங்களில் புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அப்படி மாற்றினால் அடுத்த சிட்டிங் வரை மூன்று நாள் ஆகும் என்பதால் தண்ணீரிலும் உப்பிலும் கூடுதல் கவனம் வேண்டும். மாற்ற முடியாவிட்டால், வியாழன் மதிய ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஷிஃப்டில் போட்டுவிட்டால் பத்து, பதினொரு மணிக்கு வீடு திரும்பும்போது அம்மா துவண்டுபோயிருப்பார். இரத்த அழுத்தம் இறங்கி, தலை கனத்து, படுத்தால் போதும் என்றிருக்கும். உங்கள் ஊரில் சூரியன் எழும்போதே வாசலில் பொங்கல் வைத்துவிடுவார்கள். மதிய ஷிஃப்ட் என்றால் அந்த விடியற்காலை முழுக்க அம்மாவுக்கு. கோலம், அடுப்பு, பொங்கல், குளித்துப் புதுச்சேலை, எல்லாம் முடித்து நிதானமாகக் கிளம்பலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. டயாலிசிஸுக்கு முந்தின சில மணி நேரத்தில்தான் உடம்பில் பொட்டாசியமும் நீரும் உச்சத்தில் இருக்கும். "எப்படியும் மெஷின்ல போடப்போறாங்க, இப்ப சாப்பிட்டா என்ன" என்று சொல்கிறவர்கள் நிறைய. அது தவறான கணக்கு. அதனால் சாப்பாட்டுக்கு வருவோம்.

தென்மாவட்டக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. நீங்கள் இரண்டு பானை வைப்பீர்கள், ஒன்று சர்க்கரைப் பொங்கல், ஒன்று பச்சரிசியும் பாலும் மட்டும் போட்ட பால் பொங்கல். அந்தப் பால் பொங்கல் அம்மாவுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பச்சரிசியில் பொட்டாசியம் குறைவு. பாசிப்பருப்பு இல்லை, முந்திரி இல்லை, உப்பும் இல்லை. பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, கஞ்சியாக இல்லாமல் கெட்டியாக வடித்துக்கொண்டால் போதும். சர்க்கரை நோய் இருப்பதால் சோற்றின் அளவை மட்டும் பாருங்கள்.

சர்க்கரைப் பொங்கல் வேறு கதை. வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரையைவிடப் பொட்டாசியம் பல மடங்கு அதிகம். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். உடம்புக்கு நல்லது என்று பேர் வாங்கியதெல்லாம் டயாலிசிஸ் நோயாளிக்கு நல்லதாகிவிடாது. பருப்பும் முந்திரியும் பாஸ்பரஸ் சேர்க்கும், திராட்சை பொட்டாசியம் சேர்க்கும். அதற்காக ஒரு வாய்கூடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சாமிக்குப் படைத்ததில் முந்திரி, திராட்சை இல்லாமல் ஒரு கரண்டி, அதுவும் பெரும்பாலோருக்குச் சரிதான். ஆனால் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். ஆறைத் தாண்டினால் ஆபத்தான எல்லை. அம்மாவுக்கு ஐந்தரைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் அந்தக் கரண்டியும் வேண்டாம்.

பொங்கல் குழம்புதான் எனக்குப் பெரிய பயம். சேனை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, மொச்சை, மஞ்சள் பூசணி என்று பொட்டாசியம் மிகுந்த காய்கள் எல்லாம் ஒரே சட்டியில் கூடுகின்றன. மேலே புளி வேறு. அம்மாவுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி வையுங்கள். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய் போதும். தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். பொட்டாசியம் தண்ணீரோடு போகும். ருசியும் கொஞ்சம் போகும்தான். தாளிப்பில் பெருங்காயம், சீரகம், நாலு பூண்டுப் பல், கறிவேப்பிலை என்று தாராளமாகக் காட்டினால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கிற லோ சோடியம் உப்பைப் போட்டுவிடாதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இந்துப்பும் உப்புதான்.

கரும்பு, பனங்கிழங்கு, இளநீர், வாழைப்பழம். இந்த நாலையும் வீட்டுக்குள் கொண்டுவரலாம், பூஜையில் வைக்கலாம், பிள்ளைகள் தின்னலாம். அம்மாவுக்கு இளநீர் கண்டிப்பாக வேண்டாம். பனங்கிழங்கும் வேண்டாம். கரும்பில் ஒரு சின்னத் துண்டைக் கடித்துச் சக்கையைத் துப்பினால் குடி முழுகிவிடாது, ஆனால் அந்தச் சாறும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். சர்க்கரைக் கணக்கிலும்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. எல்லோரும் விருந்து சாப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் தட்டில் இட்லி வைத்தால், அந்த நிமிஷம் அவர் பண்டிகையை விட்டு வெளியே போய்விடுகிறார். அதே இலையில், அதே பந்தியில், அவருக்கென்று சமைத்த பால் பொங்கலும் தாளித்த குழம்பும் இருந்தால் அவர் உள்ளே இருக்கிறார். முடிந்தால் வீட்டில் இன்னும் இரண்டு பேர் அதே குழம்பை ஊற்றிச் சாப்பிடுங்கள். நீங்களே சாப்பிடுங்கள்.

இனி அந்த வேலை. பானை தூக்குவது, விறகு ஊதுவது, புகையில் நிற்பது எல்லாம் வேண்டாம். கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக்குழாய்களைச் சேர்த்துச் செய்கிற இணைப்பு, போட்டிருந்தால் அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது. பொங்கலுக்கு வாங்குகிற புது வளையல் அந்தக் கையில் இறுக்கமாக இருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் அவரிடம் விடலாம். வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்தக் கோலம், எத்தனை படி அரிசி, மஞ்சள் குலையை எந்தப் பக்கம் கட்டுவது, பால் எப்போது ஊற்றுவது என்று அவர் சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். அரிசியை மூன்று கை அள்ளிப் பானையில் போடுவது அவர் கையாக இருக்கட்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் எத்தனை பொங்கல் வைத்திருப்பார்! பானை எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று பார்த்துப் பலன் சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் அவர்தானே. பிள்ளைகளுக்குப் பொங்கல் காசு கொடுப்பதும் அவர்தான். முந்தின நாளே புது நோட்டாக மாற்றி அவர் முந்தானையில் முடிந்து வைத்துவிடுங்கள்.

அவருக்கு அண்ணன் தம்பி இருந்து, பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கப்படி வருகிற வழக்கம் இருந்தால், "அக்காவுக்கு முடியலையே, இந்தத் தடவை பணமா அனுப்பிடறேன்" என்று சொல்லவிடாதீர்கள். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலையோடு நேரில் வரச் சொல்லுங்கள். வெல்லத்தை அவர் சாப்பிட முடியாது என்பது பெரிய விஷயமே இல்லை. பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்தது என்று தெருவே பார்க்க வேண்டும். வருகிறவர் மாட்டுப் பொங்கலன்று, வெள்ளிக்கிழமை வரட்டும். டயாலிசிஸுக்கு மறுநாள் அம்மா தெளிவாக இருப்பார், உட்கார்ந்து பேச முடியும். காணும் பொங்கல் சனிக்கிழமை மறுபடி டயாலிசிஸ் என்பதால் அன்று விருந்தாள் யாரையும் கூப்பிடாதீர்கள்.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், லாரி ஓட்டியவர். கோபக்காரர். வீட்டில் யாரோடும் பேச மாட்டார் என்று மருமகள் சொல்லி அழுவார். ஃபிஸ்டுலா வேலை செய்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லுவோம். விரலை வைத்தால் உள்ளே உர்ரென்று ஓர் அதிர்வு தெரியும், அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். விரல் மரத்துப்போய் அவருக்குத் தெரியவில்லை என்பதால் அந்த வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூடம் கிளம்புமுன் தாத்தா கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தாத்தா, ரயில் ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் போவாளாம். ஒரு நாள் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது அவரே என்னிடம் சொன்னார்: "அவ காதை வைக்கிறப்ப நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன் சிஸ்டர். ஓடுதுன்னு சொன்னப்புறம்தான் அன்னிக்கு நாள் தொடங்கும்." அப்புறம் மெல்ல மெல்ல மருமகளிடமும் பேச ஆரம்பித்தார். யாரும் அவருக்கு நன்றியுணர்வைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை.

இப்படி நன்றி என்பது பெயர் சொல்லி, ஆளைக் காட்டி, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக வரும்போதுதான் மனதில் நிற்கிறது. "வாழ்க்கைக்கு நன்றி" என்பது உங்கள் அம்மாவுக்கு இப்போது ரொம்பப் பெரிய வார்த்தை. "அந்தத் தம்பி குத்தினா வலிக்கல" என்பது அவர் சொல்லக்கூடியது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினரை 21 நாள் தினமும் நன்றிக்குரியவற்றை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மனநிலை மேம்பட்டது, தூக்கமும் நன்றாக வந்தது. நோய் மாறவில்லை, நோயோடு கழிகிற நாள் கொஞ்சம் மாறியது. அம்மாவை நோட்டுப் போட்டு எழுதச் சொல்ல வேண்டாம், பரீட்சை மாதிரி ஆகிவிடும். ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது "இன்னிக்கு யார்மா நல்லா பார்த்துக்கிட்டா?" என்று ஒரு கேள்வி. "யாருமில்ல" என்று சொன்னால் சரி என்று விட்டுவிடுங்கள். மறுநாள் கேளுங்கள். நீங்களும் உங்கள் பதிலைச் சொல்லுங்கள், அதில் அம்மா செய்த ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

சில நோயாளிகளுக்கு நான் இந்த மெஷினின் கதையைச் சொல்வதுண்டு. 1943-ல், ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், காம்பன் என்ற ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் ஒரு மர உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி, நடைமுறையில் பயன்பட்ட முதல் டயாலிசிஸ் கருவியைச் செய்தார். அது இறைச்சிக் கடையில் தொத்திறைச்சி அடைக்கப் பயன்படுத்திய குழாய். முதலில் அதில் போடப்பட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே இறந்துபோனார்கள். 1945-ல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார். திரும்பத் திரும்ப வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்யலாம் என்ற நிலை 1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர் செய்த ஷண்டுக்கு, அதாவது கையிலேயே பொருத்தி வைக்கிற குழாய்க்கு, பிறகுதான் வந்தது. இதைக் கேட்டுவிட்டு ஒரு அம்மா, "அந்த மொதல்ல செத்தவங்களுக்கும் சேர்த்துத்தான் நான் விளக்கு ஏத்தணும்" என்றார். யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது. எல்லோருக்கும் இந்தக் கதை பிடிக்காது, சிலர் பயந்துவிடுவார்கள். உங்கள் அம்மா எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். "நான் இருந்தாலும் ஒண்ணுதான்" என்பது வெறும் சலிப்பாக இருக்கலாம், மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு மிகவும் சகஜம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. தூக்கம் போய்விட்டதா, பசியே இல்லையா, பேரப்பிள்ளைகள் வந்தாலும் முகம் மாறவில்லையா, "இனி டயாலிசிஸுக்குப் போக வேண்டாம்" என்கிறாரா, சாவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறாரா? இதில் ஏதாவது இருந்தால் பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த சிட்டிங்கிலேயே டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண் உங்களுக்கும்தான். எட்டு மாதமாக ஒருத்தியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அம்மாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். அண்ணனோ தம்பியோ சித்தப்பா மகனோ, யாராவது ஒருவர் மாதத்தில் இரண்டு தடவை அந்த பெஞ்சில் உட்காரட்டும். பொங்கல் நாள் அதைக் கேட்பதற்கு நல்ல சமயம். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், மறுக்கக் கூசுவார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. அட்டை இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்கிற சிஏபிடி முறை அம்மாவுக்கு ஒத்துவருமா என்றும் டாக்டரைக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது ஒத்துவந்தால் அடுத்த வருடம் பொங்கல் எந்தக் கிழமையில் வந்தாலும் கவலையில்லை.

வியாழன் மதியம் கிளம்பும்போது ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரைப் பொங்கலை அம்மா கையில் கொடுத்து விடுங்கள். அவர் சாப்பிட இல்லை. பண்டிகை நாளில் வீட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிற டெக்னீஷியனுக்கும் நர்ஸுக்கும் அவர் தன் கையால் கொடுக்கட்டும். முந்திரி போட்டே செய்யுங்கள், எங்களுக்குப் பொட்டாசியம் சரியாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். பொங்கல் வாரத்தில் மதிய ஷிஃப்ட் சீக்கிரம் நிரம்பிவிடும், நாளைக் காலையே யூனிட்டுக்குப் போன் பண்ணிவிடுங்கள். அதே போனில் கடைசி பொட்டாசியம் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.